அமைச்சரிடம் வினாத் தொடுத்தவர்

பிரிட்டனில் ஒரு காலத்தில் விந்தையான விதியொன்று நடைமுறையில் இருந்தது. அடுத்த 14 நாட்களுக்குள் பாராளுமன்றத்தில் விவாதத்திற்கு வரவிருக்கும் எப்பொருளைப் பற்றியும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ எவரும் விவாதித்தல் கூடாது என்பதே அவ்விதி. ‘பதினான்கு நாள் விதி’ என்றே அதற்குப் பெயர். 1944ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பி.பி.சி. நிறுவனம் தானே தனக்கு இட்டுக்கொண்ட வேலி அது. போர் முடிந்தது; வேலி மட்டும் நின்றது. 1955ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அரசாங்கம் அதனை முறையான ஆணையாகவே பிறப்பித்துவிட்டது. அவ்வாணையைப் பிறப்பித்த போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் டாக்டர் சார்லஸ் ஹில், போர்க்காலத்தில் ‘வானொலி மருத்துவர்’ என்ற பெயரில் உடல்நலம் பற்றிப் பேசி வீடுதோறும் புகழ் பெற்றவர். வானொலியால் வளர்ந்தவரே வானொலியின் வாயைக் கட்டினார் என்பது வேடிக்கைதான்.

ஆயினும் இவ்விதியை ஆதரித்தவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் காமன்ஸ் சபையில் இதற்காக வாதாடினார். மக்கள் தேர்ந்து அனுப்பிய உறுப்பினர்கள் சபையில் வாய்திறப்பதற்கு முன்னரே, அத்தகைய தகுதியும் பொறுப்பும் இல்லாத பிறர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து கருத்துரைத்துவிட்டால் சபைக்கு என்ன மதிப்பு எஞ்சும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். எளிதில் மறுக்கக்கூடிய வாதமன்று அது.

ஆளுவோரை வினவும் உரிமை யாருக்கு உண்டு? இது நமக்குப் புதிய வினாவன்று. பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி வழக்குரைத்த கண்ணகியை நாம் அறிவோம். கணவனை இழந்த துயரமே அவளுக்கு அவ்வுரிமையை அளித்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கு வாக்காளர் அளிக்கின்றனர். வழக்கறிஞருக்குச் சட்டம் அளிக்கிறது. தொலைக்காட்சி நிலையமொன்றில் சம்பளத்திற்கு அமர்ந்திருக்கும் பத்திரிகையாளருக்கு அதனை யார் அளித்தார்கள்? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் தொழிலாலேயே இவ்வினாவைப் பிரிட்டிஷ் மக்களின் முன் நிறுத்தியவர் சர் ராபின் டே என்பவர். அவருடைய பணியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அவருக்கு முன் அமைச்சர்களைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்ட முறையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமைச்சர் விமானத்திலிருந்து இறங்குவார். பயணம் இனிதாக அமைந்ததா என்று ஒருவர் பணிவோடு கேட்பார். அமைந்தது என்பார் அமைச்சர். நாட்டு மக்களுக்கு வேறு ஏதேனும் கூற விரும்புகின்றீர்களா என்பது அடுத்த கேள்வி. விரும்பினால் சில சொற்கள் கூறுவார். இல்லையேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிடுவார். 1951ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது அந்தோணி ஈடன் தொலைக்காட்சியில் தோன்றினார். லெஸ்லி மிச்செல் என்னும் புகழ்பெற்ற அறிவிப்பாளர் எதிரே அமர்ந்து வினாக்கள் கேட்டார். பார்ப்பதற்குப் பேட்டி போலவே இருந்தது. ஆனால் கேள்வியும் விடையும் முன்னதாகவே திட்டமிட்டு ஒத்திகை பார்க்கப்பட்டவை. நாடக மேடையில் ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்தை வினவுவது போன்றதே அது.

ராபின் டே 1923ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை தபால் இலாகாவின் தொலைபேசிப் பிரிவில் பொறியாளராகப் பணி புரிந்தவர். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் சில ஆண்டுகள் பீரங்கிப் படையில் பணியாற்றிவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்றார். அப்பல்கலைக்கழகத்து மாணவர் விவாத மன்றமான ஆக்ஸ்ஃபோர்டு யூனியனுக்கு 1950ஆம் ஆண்டில் தலைவரானார். நாளைய அமைச்சர்கள் பலர் தம் நாவைத் தீட்டிக்கொள்ளும் பட்டறை அம்மன்றம். பிற்காலத்தில் தாம் குறுக்கே வினவப்போகும் மனிதர்களின் பேச்சுத் தந்திரங்களை அவர் அங்கேயே கற்றுக்கொண்டார் எனலாம். 1952இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஆயினும் அத்தொழிலில் நெடுநாள் நிலைக்கவில்லை. வாஷிங்டனில் பிரிட்டிஷ் செய்தித் துறையில் சிறிது காலம் பணியாற்றித் திரும்பினார். முப்பத்தோராவது வயதில் நிலையான வேலை என்று எதுவும் அவரிடம் இல்லை.

அந்நேரத்தில் பிரிட்டனில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1954ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டம் பி.பி.சி.யின் தனியுரிமையை முடித்து, விளம்பர வருவாயால் இயங்கும் மற்றொரு தொலைக்காட்சிக்கு வழி திறந்தது. அப்புதிய அமைப்புக்குச் செய்தி வழங்கத் தோன்றிய நிறுவனமே ஐ.டி.என். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அதன் ஒளிபரப்புத் தொடங்கியது. அதுவரை பி.பி.சி.யில் செய்தி படிப்பவர் பெயரற்றவர். அவ்வாண்டு செப்டம்பர் வரை முகமும் அற்றவர். படிப்பவரின் முகபாவம் செய்தியின் நடுவுநிலையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். ஐ.டி.என். இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. செய்தி கூறுபவர் பெயரோடும் முகத்தோடும் தோன்றுவார். தாம் கூறும் செய்தியை எழுதுவதிலும் பங்கு கொள்வார். முதலில் அமர்த்தப்பட்டோர் இருவர். ஒருவர் கிறிஸ்டோபர் சாட்டவே. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதரான ரோஜர் பானிஸ்டருக்கு 1954இல் துணையோட்டம் ஓடிய வீரர் அவர். மற்றவர் ராபின் டே. தடித்த சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி, புள்ளிகள் நிறைந்த வண்ணத்துப்பூச்சிக் கழுத்துப்பட்டை, சுருங்கிய புருவம். அழகர் என்று எவரும் கூறமாட்டார்கள். ஆனால் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

தொடங்கி ஓராண்டு கடந்த சிறிது காலத்தில் சூயஸ் கால்வாய்ச் சிக்கல் முற்றிப் போராக வெடித்தது. தேநீர்க் கடை முதல் பல்கலைக்கழகம் வரை நாடே இரு பிரிவாகி வாதிட்டது. வானொலியும் தொலைக்காட்சியும் மட்டும் பதினான்கு நாள் விதிக்கு அஞ்சி வாய்மூடி இருக்க வேண்டியிருந்தது. நாள்தோறும் பாராளுமன்றத்தில் பேசப்படும் பொருளுக்குப் பதினான்கு நாள் இடைவெளி எங்கிருந்து வரும்? விதியின் பொருந்தாமை அனைவருக்கும் விளங்கிவிட்டது. 1956 டிசம்பரில் அதனை நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டு அது முற்றிலும் கைவிடப்பட்டது. சபையின் பெருமை அதனால் குன்றிவிடவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும்.

அம்மறு ஆண்டின் நடுவில் ராபின் டே கெய்ரோவுக்குச் சென்றார். பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் அப்போது தூதரக உறவே இல்லை. முசோலினிக்கு ஒப்பானவர் என்று ஈடன் தூற்றிய அதிபர் நாசர் தம் இல்லத்துத் தோட்டத்தில் அமர்ந்து, பகைநாட்டுச் செய்தியாளரின் வினாக்களுக்கு விடை கூறினார். இஸ்ரேல் ஒரு தனி நாடாக நிலைத்திருப்பதை ஏற்கின்றீர்களா என்று டே வினவினார். முடிவுக்குத் தாவுகின்றீர்கள் என்பது நாசரின் விடை. தாம் முடிவு கூறவில்லை, வினாவே எழுப்புவதாக டே திருப்பிக் கூறினார். தூதர்கள் பேசிக்கொள்ள முடியாத நேரத்தில் ஒரு நாட்டின் தலைவர் மற்றொரு நாட்டு மக்களின் கூடத்திற்குள் வந்து பேசிய நிகழ்ச்சி அது. பகைவனின் சொல்லை வீட்டிற்குள் கொண்டுவருதல் தகுமா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர்.

இனி, அவருடைய பணியில் தலைமையான நிகழ்ச்சிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரதமர் ஹரால்டு மாக்மில்லனின் அரசாங்கத்தில் பிளவு ஏற்பட்டது. செலவுக் குறைப்புப் பற்றிய கருத்து வேறுபாட்டால் நிதியமைச்சரும் அவருடைய துணை அமைச்சர் இருவரும் ஒருசேரப் பதவி விலகினர். மாக்மில்லன் பதறவில்லை. உள்ளூர்ச் சில்லறைத் தொல்லை என்ற பொருள்பட ஒரு சொல் கூறிவிட்டு, முன்னரே வகுத்தபடி காமன்வெல்த் நாடுகளில் சுற்றுப்பயணம் புறப்பட்டார். முதலில் இறங்கிய இடம் நம் புதுடில்லி. பதவியில் இருக்கும்போதே சுதந்திர இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் பிரதமர் அவரே. பாகிஸ்தான், இலங்கை, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா எனப் பயணம் நீண்டது.

அவர் திரும்பும் வேளையில் நாட்டில் நிலைமை நன்றாக இல்லை. பிப்ரவரி 12ஆம் நாள் ராச்டேல் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கன்சர்வேடிவ் கட்சி மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. தொழிற்கட்சி வென்றது, லிபரல் கட்சி இரண்டாம் இடம் பெற்றது. அந்த லிபரல் வேட்பாளர் லுடோவிக் கென்னடி, ஐ.டி.என்.னில் ராபின் டேயோடு செய்தி வழங்கியவர்! அத்தேர்தலைக் கிரானடா தொலைக்காட்சி ஒளிபரப்பியதும் ஒரு புதுமை. சட்டம் இடம் தராது என்று எண்ணி அதுவரை எந்த நிலையமும் இடைத்தேர்தலைத் தொட்டதில்லை. அயல்நாட்டு அமைச்சர் செல்வின் லாயிட் மீதும் பத்திரிகைகள் பாய்ந்துகொண்டிருந்தன. சூயஸ் போர்க்காலத்திலும் அவரே அயல்நாட்டு அமைச்சர். அவரை நீக்க வேண்டும் என்ற குரல் ஆளும் கட்சிக்குள்ளேயே கேட்டது.

இந்நிலையில் பிப்ரவரி 23ஆம் நாள் ஐ.டி.என். நிகழ்ச்சியொன்றில் மாக்மில்லன் பேட்டியளித்தார். எதிரே அமர்ந்தவர் ராபின் டே. மனப்பாடம் செய்த விடைகள் இல்லை, ஒத்திகையும் இல்லை. பேட்டியின் நடுவே, செல்வின் லாயிட்டைப் பற்றி எழுந்துள்ள கண்டனம் குறித்துப் பிரதமரின் கருத்து என்ன என்று டே நேராகவே கேட்டார். லாயிட் நல்ல அயல்நாட்டு அமைச்சர் என்றே தாம் கருதுவதாகவும், அவ்வாறு கருதாவிடில் முன்னரே மாற்றியிருப்பார் என்றும், பிறருடைய நெருக்குதலுக்காக மாற்றப்போவதில்லை என்றும் மாக்மில்லன் விடை கூறினார். முகத்தில் சினம் இல்லை. குரலில் தடுமாற்றம் இல்லை. பிரதமர் ஒருவர் பொதுமக்கள் முன்னிலையில் இத்தகைய கடுமையான குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதில்லை என்று மறுநாள் எழுதினார்கள்.

இன்றைய மாணவர் அப்பேட்டியைப் பார்த்தால், இதில் கடுமை எங்கே என்று வியப்பார். குரல் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. ஆனால் அன்று எழுந்த எதிர்ப்புக்கு ஓர் ஆழ்ந்த காரணம் இருந்தது. கண்டனம் செய்தவர்களின் வாதத்தைக் கேளுங்கள். பிரதமரிடம் அவருடைய அமைச்சரைப் பற்றிப் பலகோடிக் கண்கள் பார்க்கும்போது கேட்டால், அவர் என்ன கூற முடியும்? புகழ்ந்தே ஆக வேண்டும். புகழ்ந்துவிட்ட பிறகு உடனே நீக்கவும் முடியாது. ஆகவே, ஒரு செய்தியாளரின் வினா அமைச்சரவையின் அமைப்பையே கட்டிப்போட்டுவிட்டது. வாக்குப் பெறாத ஒருவருக்கு இவ்வளவு வல்லமை தகுமா? சர்ச்சிலின் பழைய வாதமே புதிய உடையில் வந்தது.

என் எண்ணத்தில் டே கேட்டது தக்க வினாவே. அஃது அவருடைய சொந்த வினாவன்று. அன்றாடம் பத்திரிகை படித்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருந்த வினா அது. பிரதமர் திரும்பி வந்து மக்கள் முன் அமரும்போது அதனைக் கேட்காமல், பயணத்தில் வெயில் அதிகமோ என்று கேட்டிருந்தால் அதுவே நாணத்தக்கது. விடையை வினாவுக்குள் ஒளித்துவைக்கவும் இல்லை. விடை முழுவதும் மாக்மில்லன் கையிலேயே இருந்தது. அவரும் அதனை இழப்பாகக் கருதவில்லை. தொலைக்காட்சியை எவ்வாறு கையாள்வது என்பதைக் கற்றுக்கொண்ட முதல் பிரிட்டிஷ் பிரதமர் என்று பெயர் பெற்று, 1959 பொதுத் தேர்தலில் பெருவெற்றி அடைந்தார். செல்வின் லாயிட்டின் கதையையும் முடித்துவிடுவோம். 1960இல் அவர் நிதியமைச்சரானார். 1962 ஜூலையில் ஒரே இரவில் அமைச்சர் எழுவரை நீக்கினார் மாக்மில்லன். அவ்வெழுவரில் லாயிட்டும் ஒருவர்.

நீதிமன்றத்தில் பயின்ற முறையை டே தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார் என்று பலரும் கூறுவர். ஓரளவு உண்மையே. வினா குறுகியதாக இருத்தல் வேண்டும்; ஒரு வினாவில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும்; விடையைக் காது கொடுத்துக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த வினாவை எடுத்தல் வேண்டும். இவை வழக்கறிஞரின் பாடங்கள். பாராளுமன்றத்தில் கேட்கப்படும் துணை வினாவின் இயல்பும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தில் சாட்சி சத்தியம் செய்கிறார். மழுப்பினால் நீதிபதி விடை கூறுமாறு ஆணையிடுவார். தொலைக்காட்சி நிலையத்தில் நீதிபதி இல்லை, சத்தியமும் இல்லை. அமைச்சர் விரும்பினால் எழுந்து போகலாம். மழுப்பினார் என்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்ளுதலே அங்குள்ள ஒரே தண்டனை.

1959இல் ராபின் டே லிபரல் கட்சி வேட்பாளராக ஹியர்ஃபோர்டு தொகுதியில் நின்று தோற்றார். வினவுபவர் தாமே வாக்குக் கேட்கச் சென்றதை நான் குறையாகக் கருதவில்லை. தோற்றபின் மீண்டும் முயலாமல் இருந்ததே அவருக்கும் நமக்கும் நன்மை. அவ்வாண்டே பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் சேர்ந்தார். அதன்பின் அவருடைய பணி பெரும்பாலும் பி.பி.சி.யோடு பிணைந்தது.

1961இல் தொலைக்காட்சியைப் பற்றி அவர் எழுதிய நூலில், பேட்டி காண்போருக்கென ஒரு நெறிமுறையை வகுத்தார். எதிரே இருப்பவரின் பெருமைக்கு அஞ்சி, கேட்க வேண்டிய வினாவை விட்டுவிடுதல் ஆகாது. விடை கூறப் போதிய வாய்ப்பு அளித்தல் வேண்டும். விடாது வினவலாம், ஆனால் புண்படுத்தலும் சலிப்பூட்டலும் கூடா. தொலைக்காட்சிப் பழக்கமற்ற எளிய மனிதரைத் தம் அனுபவத்தால் மடக்கி அவமதித்தல் பெருந்தவறு. எல்லாவற்றினும் முக்கியமாக, தாம் வழக்குத் தொடுப்பவரல்லர், பார்ப்போர் சார்பில் செய்தி அறிய வந்தவர் என்பதை மறத்தல் ஆகாது. இவை அந்நெறிமுறையின் போக்கு. இறுதியாகக் கூறியதில் நம் முதல் வினாவுக்கு அவர் கண்ட விடையும் இருக்கிறது. வினவும் உரிமை செய்தியாளருடையதன்று. பார்ப்போரிடமிருந்து அவர் கடனாகப் பெறுவது.

இதைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவருடைய மற்றொரு முயற்சி. பேட்டியால் புகழ் பெற்றவர், பேட்டியே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் பாராளுமன்றத்தையே மக்கள் நேராகக் காண வேண்டும் என்று அவர் இடைவிடாது வாதாடினார். 1963இல் ஹான்சார்டு சங்கம் இது குறித்த அவருடைய சிறுநூலை வெளியிட்டது. சபைக்குள் ஒளிப்பதிவுக் கருவி நுழையாவிடில், அமைச்சர்கள் தொலைக்காட்சி நிலையத்திற்கு வந்து பேசுவார்கள். நாளடைவில் விவாதத்தின் இருப்பிடமே மாறிவிடும். அத்தகைய இடத்தில் தம்மைப் போன்றவர்கள் அமர்ந்திருத்தல் நல்லதன்று என்பது அவர் எண்ணம். சபைக்கு வெளியே பேசாதே என்றார் சர்ச்சில். சபைக்குள் எங்களையும் பார்க்க விடுங்கள் என்றார் டே. இருவரும் சபையின் மதிப்பையே காக்க விரும்பினார்கள்.

சபை இணங்குவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1966 நவம்பரில், சோதனை முறையில் சபை நடவடிக்கைகளைப் படம்பிடிக்கலாமா என்ற தீர்மானம் காமன்ஸ் சபையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஆதரவு 130, எதிர்ப்பு 131. ஒலிபரப்புக்கு மட்டும் 1975 கோடையில் நான்கு வாரச் சோதனை நடந்தது. அச்சமயம் சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? செல்வின் லாயிட்! பேட்டியில் பேசுபொருளாயிருந்தவர், சபையின் குரல் முதன்முதலாக வெளியே கேட்டபோது அதற்குத் தலைமை தாங்கினார். 1978 ஏப்ரலில் ஒலிபரப்பு நிலையானதாயிற்று. 1985 ஜனவரியில் பிரபுக்கள் சபை தன் கதவைத் தொலைக்காட்சிக்குத் திறந்தது. காமன்ஸ் சபை அதன் பின்னரும் மூன்றாண்டு தயங்கியது.

இதற்கிடையில் தம் கருவியின் மீதே டேக்கு ஐயம் பிறந்துவிட்டது. 1970இல் ‘என்கவுண்டர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அவருடைய தொழில் நண்பர்களுக்கே அதிர்ச்சியளித்தது. தொலைக்காட்சி படத்தை நம்பி வாழ்வது. படமோ கலவரத்தையும் கண்ணீரையும் எளிதில் காட்டும். காரணத்தையும் கணக்கையும் காட்டமாட்டாது. இவ்வாறு உணர்ச்சி அறிவை விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். பேட்டியின் மீது அவருக்கு இருந்த பற்று இங்கிருந்தே விளங்கும். இரு மனிதர் எதிரெதிரே அமர்ந்து சொல்லாலேயே பொருதும் இடம் அது. படம் அங்கே பணியாள். வானொலியை அவர் இறுதிவரை மதித்ததற்கும் இதுவே காரணமாகலாம்.

1974 தேர்தல் காலத்தில் பி.பி.சி. வானொலி ‘எலெக்‌ஷன் கால்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. கட்சித் தலைவர்கள் நிலையத்தில் அமர்ந்திருப்பார்கள்; வாக்காளர் தம் வீட்டுத் தொலைபேசியிலிருந்து வினவுவார்கள். நடத்துநர் ராபின் டே. தேர்ந்த செய்தியாளருக்குத் தோன்றாத வினாக்கள் ஓய்வூதியக்காரருக்கும் இல்லத்தரசிக்கும் தோன்றின. அவற்றுக்கு மழுப்பல் விடை கூறுதல் அமைச்சர்களுக்கு மேலும் கடினமாயிருந்தது. 1979 செப்டம்பரில் ‘கொஸ்டின் டைம்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி பிறந்தது. அவையோர் வினவ, அரசியல்வாதிகளும் பிறரும் விடை கூறுவது அதன் அமைப்பு. டே பத்தாண்டு அதனை நடத்தினார். கடனாகப் பெற்ற உரிமையை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார் எனலாம். 1981இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

தாம் வகுத்த நெறிமுறையினின்று அவர் வழுவியதும் உண்டு. 1982 அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டின்போது பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டைப் பேட்டி கண்டார். அவ்வாண்டுதான் ஃபாக்லாந்துப் போர் நடந்து முடிந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கப்பற்படையைக் குறைக்கத் திட்டமிட்டவர் நாட். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அவர் அறிவித்திருந்தார். கப்பற்படையின் மூத்த தளபதிகள் ஒன்று கூறும்போது, இன்று இருந்து நாளை மறையும் அரசியல்வாதியான உங்களை மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்ற பொருளில் டே வினவினார். சலித்துப்போனேன் என்று கூறி நாட் எழுந்தார்; சட்டையில் செருகியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். அக்காட்சியை இன்றும் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கப்பல் குறைப்பைப் பற்றி அன்று கேட்டிருக்க வேண்டிய வினா மிகப் பெரிது, மனிதர்கள் இறந்திருந்தார்கள். ஓர் அடைமொழியின் சுவைக்காக அவ்வினா விடையின்றிப் போயிற்று. மாக்மில்லனிடம் கேட்ட வினாவில் அடைமொழி ஒன்றுகூட இல்லை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்காலத்திற்குள் அரசியல்வாதிகளும் கற்றுக்கொண்டுவிட்டனர். வினா எதுவாயினும் தாம் கூற வந்ததைக் கூறிவிடும் வித்தையில் தேர்ந்தவர் மார்கரெட் தாட்சர். 1983 தேர்தல் பேட்டியில், பட்டம் பெற்று ஈராண்டாகியும், அவரை ‘மிஸ்டர் டே’ என்றே அம்மையார் அழைத்துக்கொண்டிருந்தார். 1987 தேர்தல் பேட்டியில் அவர் நிறுத்தாமல் பேச, இது கட்சிப் பிரசார ஒளிபரப்பன்று, நானும் இடையிடையே வினாக் கேட்டாக வேண்டும் என்று டே நினைவூட்ட நேர்ந்தது. பேட்டி என்பது அரசியல்வாதிக்கு மேடையாகிவிட்டது என்று 1989இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் அவர் வருந்தினார். வினவும் கலையை வளர்த்தவரே நழுவும் கலைக்கும் காரணமானார் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

காமன்ஸ் சபை 1988 பிப்ரவரியில், 264 வாக்குகளுக்கு எதிராக 318 வாக்குகளால், தொலைக்காட்சியை ஏற்றது. தாட்சர் எதிர்த்தே வாக்களித்தார். 1989 நவம்பர் 21ஆம் நாள் கருவிகள் சபைக்குள் இயங்கத் தொடங்கின. டே அச்சிறுநூலை எழுதி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘கொஸ்டின் டைம்’ நிகழ்ச்சியிலிருந்து அவர் அவ்வாண்டின் நடுவிலேயே விலகியிருந்தார்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 76ஆம் வயதில், ராபின் டே காலமானார். ஈராண்டுக்குப் பின் ஜான் நாட் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர், ‘இன்று இருப்போர், நாளை மறைவோர்’.